மூன்று மாதம் சொல்லக்கூடாத சேதி

சேலைத் திரையின் ஓரத்தை விலக்கிக்கொண்டு ஒரு கை மட்டும் என் பக்கம் வரும். கையில் ஒரு கோப்பை சாயத்தண்ணி இருக்கும். பால் சேர்க்காத தேநீருக்கு எங்கள் தோட்டங்களில் அதுதான் பெயர். விடிவதற்கு முன்பே அடுப்பை மூட்டி அதைப் போடுவது அக்காவின் வேலை. அக்கா என்றால் என்னுடன் பிறந்தவள் அல்ல, என் கணவருடைய அண்ணனின் மனைவி. கையை மட்டும் நீட்டுவதற்குக் காரணம் உண்டு. அந்தப் பக்கம் அவர்களுடைய படுக்கை, இந்தப் பக்கம் என்னுடையது. நடுவில் மாமியாரின் பழைய, மெல்லிய வாயில் துணிச் சேலை ஒன்று கம்பியில் தொங்கும். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு காம்பரா, ஒற்றை அறை. முன்பக்கத்துத் திண்ணையான இஸ்தோப்பை அடைத்துச் சமையலுக்கு வைத்திருந்தோம். மாமி அங்கேயே அடுப்போரம் படுத்துக்கொள்வார். என் கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார், மாதத்தில் ஒரு தடவை வருவார். கல்யாணமாகி ஒரு வருடம் அந்தக் கோப்பையை ஆசையோடுதான் வாங்கிக் குடித்தேன். அதற்குப் பிறகு சில வாரங்கள் எனக்கு அதைவிடப் பெரிய எதிரி உலகத்தில் இருக்கவில்லை.

வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிறது எங்கள் லயம். அதற்குச் சற்றுக் கீழே தேயிலை ஆலை. கொழுந்து காய்ந்து வறுபடும் வாசனை கதவைச் சாத்தினாலும் வரும், போர்வைக்குள்ளும் வரும். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் வேனை நிறுத்தி, மூச்சை இழுத்து, ஆகா என்பார்கள். நாள் தள்ளிப் போன இரண்டாவது வாரத்தில் எனக்கு அந்த வாசனை அடிவயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தது. எங்கே ஓடுவது? வீட்டிலும் அதுதான், கொழுந்து பறிக்கும் மலையிலும் அதுதான், கட்டியிருக்கும் துணியிலும் அதுதான். குடிக்காமலாவது இருக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. லயத்தில் ஓர் இளம் மனைவி காலைச் சாயத்தண்ணியை வேண்டாம் என்று சொன்னால் வேறு சோதனை எதுவும் தேவையில்லை. "அந்தப் புள்ளைக்கு சாயத்தண்ணி புடிக்கலயாமே" என்று பக்கத்து வீட்டில் ஆரம்பித்தால், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் சேதி கடைசி வீட்டையும் தாண்டியிருக்கும். ஆகவே குடித்தேன். முகம் சுளிக்காமல், கோப்பையின் அடிவரைக்கும் குடித்தேன்.

யாருக்கும் தெரியக்கூடாது என்பது மாமியின் உத்தரவு. மாதவிலக்குத் துணி காயும் கொடியைப் பார்த்தே அவர் கண்டுபிடித்துவிட்டார். "கொடியில ஒன்னையும் காணோமே" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்ததும் அவர் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் மறக்க முடியாது. அடுத்த நிமிடமே அந்த மலர்ச்சியை மடித்து வைத்துவிட்டு, என்னை அடுப்பருகே இழுத்து உட்காரவைத்து, கிசுகிசுவென்று பேசினார். லயத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் சுவர் கூரையைத் தொடாது. இருமினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

"மூனு மாசம் வாயத் தொறக்கக் கூடாது. கங்காணிக்கும் சொல்லாத, மிட்வைஃப் மிஸ்ஸுக்கும் சொல்லாத. முக்கியமா பெரியவளுக்குத் தெரியக் கூடாது."

"அவருக்காவது சொல்லட்டுமா மாமி?"

"அவனுக்கு போன்ல சொன்னா அவன் கத்துற கத்துல இந்த லயமே எந்திரிச்சிரும். வந்த பொறவு சொல்லிக்க."

அக்காவுக்கு ஏன் சொல்லக்கூடாது என்று நான் கேட்கவில்லை, தெரியும். நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பு அவள் ஒரு தடவை முழுகாமல் இருந்தாளாம். சேதி தெரிந்த அன்றைக்கே மாமி சர்க்கரைப் பொங்கல் வைத்து லயம் முழுக்கக் கொடுத்தாராம். இரண்டு மாதம் முடிவதற்குள் அது கலைந்துபோயிற்று. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். பொங்கல் கொடுத்ததையும் பிள்ளை போனதையும் மாமி ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார். "வாயில வந்தா வயித்துல நிக்காது" என்பது அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம். அக்காவைப் பற்றி அவர் சொன்னது வேறு மாதிரி. "அவ நல்லவதான். ஆனா ஏங்குவா. ஏக்கமும் ஒரு கண்ணுதான்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பயமும் வந்தது. எதற்கு வம்பு என்று பயத்தின் பக்கம் போய்விட்டேன்.

இப்போது நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. கர்ப்பிணிகளுக்கான கிளினிக்கும் அங்கேதான் நடக்கும். புதிதாகக் கல்யாணமான பெண்கள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அக்கா, மொதல்ல எப்படி இருக்கும்?" என்று கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்வேன். குமட்டல் காலையில் மட்டும் வருமென்று நம்பாதே, அது நேரம் பார்க்காது. மார்பு கனத்துச் சட்டை பட்டாலே வலிக்கும். நேற்றுவரை பிடித்த கருவாட்டுக் குழம்பு இன்று வீட்டை விட்டு விரட்டும். அடிக்கடி ஒன்றுக்கு வரும். நின்றுகொண்டே தூங்கலாம் போல அசதியாக இருக்கும். காரணமே இல்லாமல் அழுகை வரும், வெட்கப்படாதே. மிஸ் கொடுக்கும் ஃபோலிக் மாத்திரையை விடாதே. கொஞ்சம் ரத்தம் கண்டால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை, ஆனால் வீட்டில் உட்கார்ந்து யோசிக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. இவ்வளவையும் மடமடவென்று சொல்கிறேனே, அன்று எனக்கு இதில் பாதிகூடத் தெரியாது. உடம்பில் ஒவ்வொன்று மாறும்போதும் இது சரியா, இது கேடா என்று தெரியாமல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பயந்துகொண்டிருந்தேன். கேட்பதற்கு ஆள் இருந்தாள், ஒரு சேலை தூரத்தில். கேட்கத்தான் கூடாது.

மலையில் இன்னும் மோசம். வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ரோட்டோரத்துச் சமதரையில் பறிப்பதற்கு ஒரு நிரை கொடுத்திருப்பார். சொல்லாதவளுக்குச் செங்குத்தான சரிவுதான். கூடைக் கயிறு நெற்றியில் அழுத்தும்போது குமட்டல் கண்ணுக்குப் பின்னால் வந்து நிற்கும். கொழுந்து நிறுவைக்குக் குறைந்தால் அரை நாள் கூலிக்கு அரைப் பேர்தான் போடுவார்கள். ஒன்றுக்குப் போவதற்கு மறைவான இடம் தேடி இறங்கி ஏறுவதற்குள் பக்கத்து நிரைக்காரி என்னை முந்திப் போய்விடுவாள். "என்னா புள்ள, நொடிக்கொரு தடவ ஓடுற?" என்று ஒருத்தி கேட்டாள். குளிர் என்றேன். அன்று வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை நான் தினமும் நடுமலையில் நின்று செய்துகொண்டிருந்தேன்.

மிட்வைஃப் மிஸ் ஒரு நாள் லயத்துக்கே வந்தார். சிங்கள அம்மா, தமிழ் ஓரளவு பேசுவார். "புதுப் பொண்ணு இருக்குதானே, ஏதாவது விசேஷம் இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். மாமி வாசலை மறித்து நின்று, "இங்க ஒன்னும் இல்ல மிஸ், இருந்தா நாங்களே வருவோமே" என்றார். நான் உள்ளே மா பிசைந்துகொண்டிருந்தேன். மிஸ்ஸின் வெள்ளைச் சேலை படியிறங்கிப் போவதைக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தபோது, ஓடிப்போய் அந்த முந்தானையைப் பிடித்துக்கொண்டு, எனக்குப் பயமாக இருக்கிறது மிஸ் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கை நிறைய மா. போகவில்லை.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. பத்து மணித் தேநீருக்கு எல்லாரும் கூடையை இறக்கி உட்கார்ந்தார்கள். போத்தலில் ஆறிப்போன சாயத்தண்ணியை ஒரு வாய் குடித்ததும் வயிறு மேலே வந்துவிட்டது. ஒன்றுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, மழைத்தண்ணீர் ஓடுவதற்காக வெட்டிய கானுக்குள் இறங்கி, தேயிலைச் செடிக்கு அடியில் குனிந்து வாந்தி எடுத்தேன். சத்தம் வராமல் எடுக்கப் பழகியிருந்தேன். எடுத்து முடித்த பிறகும் யாரோ ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அதே கானில், பத்தடி கீழே, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அக்கா குனிந்திருந்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"ஒனக்குமா?" என்றாள்.

"ஒங்களுக்குமா?" என்றேன்.

அவளுக்கும் மாமி அதே உத்தரவைத்தான் போட்டிருந்தார். "சின்னவளுக்கு இன்னும் ஒன்னும் தங்கல, அவ ஏங்குவா, சொல்லாத" என்றாராம். ஆளுக்கொரு பக்கம் காவல் வைத்துவிட்டு இரண்டு சேதியையும் தன் மடியில் கட்டிக்கொண்டு அந்த மனுஷி அடுப்படியில் படுத்திருக்கிறார்! கொஞ்ச நாளாக விடியற்காலையில் அக்கா என் கையில் கோப்பையைக் கொடுத்துவிட்டு, நான் பார்க்க வேண்டுமென்றே திரையைத் திறந்து வைத்துக்கொண்டு தன் கோப்பையைக் குடிப்பாள். நானும் அவள் பார்க்க வேண்டுமென்றே குடிப்பேன். இரண்டு பேரும் செத்துச் செத்துக் குடித்திருக்கிறோம். கானுக்குள் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்த அக்கா சட்டென்று என் தலையை இழுத்துத் தோளில் சாய்த்து, "பயந்துக்கிட்டேவா இருந்த?" என்று கேட்டாள். நான் அழுதுவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் கொஞ்சம்தான். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை என்று சொன்னால் மிகையில்லை. மாமிக்கு முன்னால் பழைய நாடகம் தொடர்ந்தது. மலையில் நாங்கள் வேறு ஆட்கள். பக்கத்துப் பக்கத்து நிரை பிடித்துக்கொள்வோம். நான் ஓடினால் அவள் என் நிரையிலும் பறிப்பாள், அவள் உட்கார்ந்தால் நான் பறிப்பேன். ரயிலில் விற்கும் புளிப்பான வெரளிக்காய் அச்சாறை ஸ்டேஷனுக்குப் போகிறவர்களிடம் சொல்லி வாங்கி, படங்குக்குள் ஒளித்துவைத்துத் தின்போம். நான் எதைக் கேட்டாலும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அடிவயிறு இழுக்குதே என்றால், "அப்படித்தான் இருக்கும், அது எடம் பண்ணிக்கிது" என்பாள். ஒரு நாள் சொன்னாள், "எனக்கு ரெண்டு மாசம் வரைக்கும்தான் புள்ள தெரியும். அதுக்கு மேல நீயும் நானும் ஒன்னுதான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அவளுக்கு ரத்தம் வந்தது மலையில். என்னிடம்கூடச் சொல்லவில்லை. முகம் வெளுத்துப்போய், நிறுவைக்குக்கூட நிற்காமல் கூடையை என்னிடம் கொடுத்துவிட்டு நடந்தாள். நான் வீட்டுக்கு வந்தபோது திரை முழுக்க இழுத்து மூடியிருந்தது. அக்காவின் கணவர் கவ்வாத்து வெட்டும் வேலைக்குப் போனவர், இன்னும் வரவில்லை. மாமி வெந்நீர்ச் சட்டியோடு திரைக்குள் போவதும் வருவதுமாக இருந்தார். என்னைப் பார்த்ததும், "பெரியவளுக்குக் காய்ச்ச. நீ அந்தப் பக்கமே இரு" என்றார். அவர் கணக்குப்படி எனக்கு எதுவும் தெரியாது. அக்காவுக்கு வயிற்றில் இருந்ததும் தெரியாது, இப்போது இல்லாமல் போவதும் தெரியாது. என் படுக்கையில் உட்கார்ந்திருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் அக்கா தலையணையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழும் சத்தம் கேட்டது. கூரையைத் தொடாத சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டில் தொலைக்காட்சியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியாத ஒரு துக்கத்துக்கு நான் எப்படி எழுந்து போவது? எழுந்து போனேன். திரையை விலக்கிய வேகத்தில் கம்பி ஒரு பக்கம் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது.

மாமி விறைத்துப்போய் நின்றார். அக்கா என்னைப் பார்த்ததும் கையை நீட்டுவாள் என்று நினைத்தேன். நீட்டினாள், தள்ளுவதற்கு. "வராத புள்ள, கிட்ட வராத. இது ஒனக்கு ஆகாது. ஒன்னோடதாவது நிக்கட்டும்" என்று கும்பிட்டாள். அவளும் அதையெல்லாம் நம்பினாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மாமியின் பயத்தை என்னால் மீற முடிந்தது. அக்காவின் அன்பை மீற முடியவில்லை. ஒரு அடி தூரத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அவள் அழுதாள், நானும் அழுதேன், தொட்டுக்கொள்ளவில்லை. மாமி வெளியே போய் ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்து அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்.

இரண்டு நாளில் அக்கா திரும்பி வந்தாள். லயத்துக்குச் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே, பெரியவளுக்கு மஞ்சள் காமாலை என்று மாமி சொல்லியிருந்தார். எங்கள் லயத்து ஜனங்கள் தங்கமானவர்கள். ஆளாளுக்குக் கீழாநெல்லியைத் தேடிப் பறித்து அரைத்துக் கொண்டுவந்தார்கள். ஒரு சாவு என்றால் அத்தனை பேரும் வந்து கட்டிப்பிடித்து அழுவார்கள். இங்கே அத்தனை பேரும் வந்து, "உப்பு சேத்துக்காத, எண்ணெ சேத்துக்காத" என்று பத்தியம் சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா எழுந்து உட்கார்ந்து, இல்லாத காமாலைக்கு அந்தப் பச்சைச் சாற்றை ஒவ்வொருவர் முன்னாலும் வாங்கிக் குடித்து, நல்லது என்று தலையாட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, ஓடிப்போய் லயத்து நடுவில் நின்று உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. ஆனால் அது என் சேதி இல்லை. அவளிடம் கண்ணாலேயே கேட்டேன். வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

அந்த வாரமே அவள் வட்டவளையில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. தன் கண் என் மேல் படக்கூடாது என்று அவளாகவே போனாள். போன பிறகு போனில் பேசினாள். "டாக்டர் சொன்னாரு, வேல செஞ்சதுனால இல்லயாம், கண்ணும் இல்லயாம். அநேகமா கரு சரியா உருவாகாமத்தான் இப்படி ஆகுமாம். யாரு மேலயும் குத்தம் இல்லயாம்." பிறகு, "அப்ப நான் யாரு மேலதான் கோவப்படுறது, சொல்லு" என்றாள். சில வாரத்தில் அவளுடைய கணவரும் அந்தப் பக்கமே வேலை தேடிக்கொண்டு போய்விட்டார். காம்பரா முழுவதும் எனக்கே கிடைத்தது. அவ்வளவு இடத்தில் எனக்கு மூச்சு முட்டியது.

மூன்று மாதம் முடிந்ததும் மாமி கற்கண்டு வாங்கிவந்து லயம் முழுக்கக் கொடுத்தார். மிஸ்ஸிடம் போய்ப் பதிந்தோம், இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று அவர் வைதார். ரோட்டோரத்து நிரை கிடைத்தது. குமட்டலும் நின்றது. பயம் மட்டும் மகள் பிறந்து அழும்வரைக்கும் நிற்கவில்லை. அக்கா பேர் வைக்கும் நாளில்தான் வந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டாள், பாட்டுப் பாடினாள், எல்லாம் செய்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒவ்வொரு பொங்கலுக்கும் வருவாள். அவளுக்குப் பிள்ளை தங்கவே இல்லை. அந்தச் சில வாரங்களைப் பற்றி அவள் பேசவில்லை, மாமி பேசவில்லை, அவர்கள் பேசாததால் நானும் பேசவில்லை. ஆனால் மகள் தவழ்ந்தபோது, நடந்தபோது, பல் விழுந்தபோது, பக்கத்தில் இன்னொன்றும் தவழ்ந்திருக்கும், நடந்திருக்கும் என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும். அக்காவுக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்?

இந்த வருடம் மகளை முதலாம் வகுப்பில் சேர்த்தோம். முதல் நாள் அனுப்புவதற்காக அக்கா முந்தின நாளே வட்டவளையிலிருந்து ரயிலேறி வந்துவிட்டாள். பெரியம்மா வாங்கிவந்த சப்பாத்தைப் பெரியம்மாதான் போட்டுவிட வேண்டும் என்று மகள் அடம்பிடித்தாள். அக்கா வாசல்படியில் உட்கார்ந்து அந்தச் சின்னக் காலை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளைக் காலுறையை இழுத்துவிட்டாள். நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். மாமி உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். சப்பாத்துக் கயிற்றைக் கட்டி முடித்த அக்கா, காலை விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"இருந்திருந்தா ரெண்டு பேரும் ஒன்னா போயிருப்பாங்க."

என் கையில் பின்னல் பாதியில் நின்றது. உள்ளே ரொட்டி கருகும் வாசனை வந்தது. மாமி அதைத் திருப்பிப் போடவில்லை, எங்கள் பக்கம் திரும்பவும் இல்லை.

"ஆமா" என்றார்.